கழட்டி திறந்த கல்யாண ஆல்பம்

எங்கள் ருவான்வெல்லைப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தார்கள். வைரஸுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. அவர் பெயர் கழட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

திருகாணியைக் கழற்றுகிறவர் என்று நினைக்காதீர்கள். அவர் கழற்றுவது புரோகிராமை. டிஸ்அசெம்ப்ளர் என்றொரு மென்பொருள் வைத்திருந்தார். முடித்துக் கொடுத்த புரோகிராமைப் பிரித்து, உள்ளே இருக்கும் கட்டளைகளை அது வரிவரியாகக் காட்டும். கார் ரேஸ் விளையாட்டு ஒன்றை மாதக்கணக்கில் வாசித்தார் மனுஷன். ஒரு தடவைகூட விளையாடவில்லை.

"வெளையாடித்தான் பாருங்களேன்ணே" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு? யாரு ஜெயிப்பான்னுதான் உள்ளுக்கே எழுதியிருக்கே!"

பஜார் முதலாளி ஒருவர், பில் போடும் புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். கழட்டி கையை நீட்டியதும், வேண்டாம் தம்பி என்று சிங்களத்தில் அலறினார். "எப்பா மல்லி, எப்பா!" கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்த பிடியை விடவேயில்லை.

அப்படிப்பட்டவரிடம் நானே போய் நின்றேன். அம்மா காலமான மாதம் அது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய அம்மா, எந்தப் போட்டோவிலும் முறைத்துக்கொண்டுதான் நிற்பார். அக்கா கல்யாணத்தில் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தப் படம் ஸ்டூடியோக்காரர் செய்து தந்த கம்ப்யூட்டர் ஆல்பத்துக்குள் இருந்தது. கண்டவனும் திறந்து பார்க்கக் கூடாது என்று பாஸ்வேர்ட் போடச் சொன்ன அம்மா, அதை யாருக்கும் சொல்லவில்லை. ஸ்டூடியோவும் மூடியாயிற்று. அப்பா தெரிந்த சாமி பெயரையெல்லாம் அடித்துப் பார்த்தார். ஒரு சாமியும் உதவவில்லை.

கழட்டி வீட்டுக்கு வந்து, எங்கள் லேப்டாப்புக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். புது வேன் டயருக்கு வைப்போமே, அதேதான். பிறகு வாசிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் தலையை நிமிர்த்தினார்.

"பாஸ்வேர்டக் கண்டுபிடிக்க ஏலாது மாமா. ஆனா இந்த எடத்துல அது கேக்குது, சரியா பிழையான்னு. சரின்னா உள்ளுக்கு, பிழைன்னா வெளிய. இத லேசா மாத்தியிருக்கேன். எதையாச்சும் அடிங்க."

அப்பா 'முருகா' என்று அடித்தார். ஆல்பம் திறந்தது. அம்மா சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

கழட்டி மட்டும் தலையைச் சொறிந்தார். "ஐயையோ மாமா, தலைகீழா மாத்திப்புட்டேன். இனி பிழையா எத அடிச்சாலும் தொறக்கும். சரியானத அடிச்சாத்தான் தொறக்காது. திருப்பிச் செய்யட்டுங்களா?"

"வேணாம் தம்பி, அப்பிடியே கெடக்கட்டும். அவளும் அப்பிடித்தான். சரியாப் பேசினா மூஞ்சத் தூக்கிக்குவா. கிறுக்குத்தனமா எதையாச்சும் சொன்னாத்தான் சிரிப்பா."

கழட்டி இப்போது கொழும்பில் இருக்கிறார். அப்பா தினமும் எதையோ அடித்து அம்மாவைப் பார்க்கிறார். என்னதான் அடிக்கிறார் என்று பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். சாமிகளையெல்லாம் விட்டுவிட்டு, 'கழட்டி' என்று அடித்துக்கொண்டிருந்தார்.