குடும்பத்தோடு போனால் இருபத்திரண்டு

பெட்ரோல் விலை ஏறினால் பெங்களூரில் வழக்கமாக இரண்டு காரியங்கள் நடக்கும். அரசாங்கம் வருத்தம் தெரிவிக்கும். கார் வைத்திருப்பவர்கள், தங்கள் வண்டி மட்டும் அவ்வளவாகக் குடிப்பதில்லை என்று தெரிவிப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி ஒரு விலையேற்றத்துக்கு மறுநாள்தான் சுந்தரமூர்த்திக்குக் கார் வாங்கக் கடன் கிடைத்தது.

அவர் பீன்யாவில் ஒரு பொதுத்துறை பம்புத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். வீடு ஈஜிபுராவில். கார் அவருக்காக அல்ல, மனைவி தமயந்திக்காக. ஞாயிற்றுக்கிழமை அல்சூர் கோயிலுக்குத் தலை கலையாமல் போய் இறங்க வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவந்த ஒரே வரம். ஸ்கூட்டரில் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் வாங்குகிற வண்டி பெட்ரோலை மொடக் மொடக்கென்று குடிப்பதாக அமைந்துவிட்டால், வாசலில் நிறுத்திப் பொட்டு வைத்துக் கும்பிடத்தான் முடியும். அதனால் சுந்தரமூர்த்தி ஸ்டோர்ஸ் அதிகாரி ஹெர்பர்ட்டைப் பிடித்தார். ஹெர்பர்ட் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். சொந்தக் காரில் வருகிறவர்.

"சார், உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

"இருபத்திரெண்டு, மேன். கண்ண மூடிக்கிட்டு வாங்கு."

சுந்தரமூர்த்திக்குச் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. ஹெர்பர்ட்டின் பயணப்படி பில்லைப் பாஸ் செய்கிறவரே சுந்தரமூர்த்திதான்.

"சார், பில்லுல ஒன்பதுன்னு போட்டிருக்கீங்களே?"

"அது ஆபீஸ் வேலையா போறப்போ."

"ரெண்டும் ஒரே வண்டிதானே, சார்?"

"வண்டி ஒண்ணுதான், மேன். வேலை வேற இல்லியா? சும்னே குடையாதே."

மற்ற அதிகாரிகளின் கார்களும் கேன்டீனில் இருபத்திரண்டும் பில்லில் ஒன்பதுமாகவே ஓடிக்கொண்டிருந்தன. கார் வாங்கும் கவலையில் மதி கெட்டுப்போன சுந்தரமூர்த்தி, 'இவற்றில் எது உண்மை?' என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டார். உண்மை என்ற சொல் கோப்பில் ஏறிவிட்டால் கமிட்டி போடாமல் தப்பிக்க முடியாது. போட்டார்கள்.

தலைவர், துணைப் பொது மேலாளர் சீனிவாசராகவன். முதல் கூட்டத்திலேயே விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டார்.

"நம்ம ஆபீசர்கள் பொய் சொல்லுவாளோ? மாட்டா. அப்போ ரெண்டும் நிஜம். வண்டிதான் ரெண்டு விதமா நடந்துக்கறது. ஏன்னு கண்டுபிடிக்கணும்."

ஹெர்பர்ட்டின் காரையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பின்சீட்டில் கமிட்டி உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை அலுவலக வேலையாகப் போனபோது ஏசி குளுகுளுவென்று ஓடியது. சிக்னல்களில் எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது. ஞாயிற்றுக்கிழமை அதே பாதையில் சொந்த வேலை. முன்சீட்டில் ஹெர்பர்ட்டின் மனைவி ஜூடித்.

"ஏசி எதுக்கு இப்போ? கண்ணாடிய இறக்கு. ரெட்டு விழுந்தாச்சு, ஆஃப் பண்ணு. இறக்கம்தானே, நியூட்ரல்ல விடு. யாரு அப்பன் வீட்டு பெட்ரோலு?"

கமிட்டிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் அறிவு பிறந்துவிட்டது. ஓட்டுநர் அதே ஆள், வண்டி அதே வண்டி, பாதை அதே பாதை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: மனைவி. அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது.

'அலுவலகப் பணி நிமித்தம் சொந்தக் காரில் செல்லும் அலுவலர்கள், எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு, தத்தம் துணைவியாரை முன்னிருக்கையில் அமர்த்திச் செல்ல இதனால் பணிக்கப்படுகிறார்கள். துணைவியார் இல்லாத பயணத்துக்குப் படி கிடையாது. மணமாகாதோர் மூன்று மாதங்களுக்குள் தகுந்த ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.'

சுந்தரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு ஹெர்பர்ட்டின் காரைப் போலவே ஒன்று வாங்கினார். கார் வந்ததால் தினமும் பேங்குக்கும் விற்பனை வரி ஆபீசுக்கும் போகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. தமயந்தி முதல் நாள் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, தெரு முழுக்கப் பார்க்கும்படி ஏறினாள்.

ஒரு மாதம் போனதும் நைலக்ஸ் புடவையில், டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். விற்பனை வரி ஆபீஸ் வாசலில் அவர் வரும்வரை வெயிலில் காத்திருந்தாள். திறந்த ஜன்னல் வழியே மைசூர் ரோட்டுப் புழுதியெல்லாம் அவள் தலையில் இறங்கியது. பாவம், அப்படியும் கடமை தவறவில்லை.

"என்னங்க, ரெட்டு. அணைங்க."

மைலேஜ் நிஜமாகவே ஏறியது. தலைமை அலுவலகம் பாராட்டியது. பாராட்டினால் அடுத்தது ஒழுங்குபடுத்துவதுதான். துணைவியாருக்கு வருகைப் பதிவேடு திறந்தார்கள். தாமதமாக வந்தால் சிவப்பு மை, முதுகு வலித்தால் டாக்டர் சர்ட்டிபிகேட். தமயந்திக்கு 'சிறந்த துணைவியார்' என்று ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்துப் போட்டோ பிடித்தார்கள். போட்டோவில் அவள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரமூர்த்தி காரைப் பளபளவென்று துடைத்து, கண்ணாடிகளை முழுக்க ஏற்றினார்.

"தமயந்தி, கிளம்பு. அல்சூர் கோயிலுக்குப் போலாம். இன்னிக்கு ஏசி போடறேன். ஒரு முடி கலையாது."

தமயந்தி செருப்பை மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"இன்னிக்கு எனக்கு வீக்லி ஆஃபுங்க. மனுஷியா இருக்க விடுங்க."

சொல்லிவிட்டு, தெருமுனையில் நின்ற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. தலை கலைந்து பறந்தது. அவள் அதை ஒதுக்கிக்கூட விடவில்லை.

சுந்தரமூர்த்தி துடைத்த துணியோடு நின்றார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் காம்பவுண்டுச் சுவர் வழியே எட்டிப் பார்த்தார். ஓஸ்வால்டும் கார் வாங்குகிற யோசனையில் இருந்தார். அதே தலைமை அலுவலகத்தின் கீழிருந்த அவர் ஆபீசுக்கும் போன வாரம் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்திருந்தது.

"சார், வண்டி எவ்வளவு குடுக்குது?"

சுந்தரமூர்த்தி காரின் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார்.

"இருபத்திரெண்டு, சார். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

ஓஸ்வால்ட் சந்தோஷமாகத் தன் மனைவி ஜோவிதாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினார்.