குட்டைக்கரையில் ஒரு கலங்காமை வகுப்பு

ஒரு காட்டில் கோடைக்கும் வற்றாத குட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள் ஒரு கரடி படுத்திருந்தது.

குட்டைப் பராமரிப்புக் குழுவின் தலைவராகக் கரடி தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. குழுவில் வேறு யாரும் இல்லாததால் தேர்தல் சுமுகமாக முடிந்தது. சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, டோக்கன் முறையையும் கொண்டுவந்தது. டோக்கன் என்பது ஒரு புங்க இலை. காலையில் கொடுத்த இலை வாடிவிட்டால் செல்லாது. இலை வாடும்வரை வரிசை நகராது. வானத்து வழியாக நழுவப் பார்ப்பவர்களைக் கவனிக்க ஒரு பருந்தையும் வேலைக்கு வைத்திருந்தது. இவ்வளவு பராமரித்தும் யாருக்கும் தண்ணீர் கிடைப்பதில்லையே என்று கரடிக்கே சில சமயம் ஆச்சரியமாக இருக்கும்.

குட்டையை ஒட்டிய பொட்டல் தரையில் அஞ்சலை என்ற ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தாள். ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே இட்டுவிடுவார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும். தாய் அடிக்கடி போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தால்தான் உள்ளே இருக்கும் உயிர் பிழைக்கும். ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்றுவிட்டு வந்தால் அவித்த முட்டைதான் மிஞ்சும். ஆகவே அஞ்சலை கத்தினாள்.

ஆள்காட்டி கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், காதைப் பொத்திக்கொண்டாலும் அது உள்ளே வந்துவிடும். அவள் கத்துவதைப் பார்த்து மான் கத்தியது, பன்றி உறுமியது, வரிசை முழுக்க முணுமுணுக்க ஆரம்பித்தது. கரடியின் மதியத் தூக்கம் கெட்டது. அது தன் ஆலோசகரான நரியைக் கூப்பிட்டது.

"யோவ் நரி, இதுங்க வாயை எப்படிய்யா மூடுறது? பேசாம கொஞ்சம் தண்ணி விட்டுடலாமா?"

"தப்பு தலைவரே. தண்ணி குடுத்தா நாளைக்கும் கேப்பாங்க. தத்துவம் குடுத்தா கேக்கறதையே விட்டுடுவாங்க."

நரிக்குத் தத்துவம் கிடைத்த விதம் இப்படி. காட்டோரத்தில் ஒரு ரிசார்ட். அங்கே கம்பெனிக்காரர்களுக்குப் பயிற்சி முகாம் நடக்கும். பிரியாணி எலும்புக்காகப் பின்பக்கம் காத்துக் கிடந்த நரியின் காதில் ஜன்னல் வழியாக அது விழுந்தது. ஸ்டோயிக் தத்துவமாம், ரோமாபுரிப் பக்கத்துச் சரக்கு. கஷ்டம் நம்மை வருத்துவதில்லை, கஷ்டத்தைப் பற்றிய நம் அபிப்பிராயம்தான் வருத்துகிறது. நம் கையில் இருப்பதைக் கவனி, இல்லாததை விட்டுவிடு. இதை ஓர் அடிமையும் சொன்னானாம், ஒரு சக்கரவர்த்தியும் சொன்னானாம். அடிமை ஏன் சொன்னான் என்பது நரிக்குப் பிடிபடவில்லை. சக்கரவர்த்திக்கு அது ஏன் பிடித்தது என்பது உடனே விளங்கிவிட்டது.

தத்துவத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல தத்துவம்தான். பல்வலி வந்தபோது நானே முயன்று பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிந்தது, பல்லுக்குத்தான் புரியவில்லை.

வகுப்பு எடுக்க ஓர் ஆள் வேண்டும். நரி எடுத்தால் இன்னொரு நரிகூட நம்பாது. யோசித்துக்கொண்டே போன நரியின் கண்ணில் மாசிலாமணி பட்டது. மாசிலாமணி ஓர் எருமை. உடம்பெல்லாம் சேறு காய்ந்து, முதுகில் காக்கை உட்கார்ந்திருக்க, வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்தக் காட்டில் பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் "எருமை மாதிரி நிக்கறியே" என்றுதான் திட்டுவார்கள். அந்த வசவுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய தகுதி இருப்பதை நரிதான் முதலில் கண்டுபிடித்தது.

"ஐயா, உங்க மேல மழை பேஞ்சா என்ன நினைப்பீங்க?"

"மழை பெய்யுதுன்னு நினைப்பேன்."

"யாராவது உங்களைத் திட்டினா?"

"திட்டுறாங்கன்னு நினைப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பொழுது சாஞ்சிடும்."

நரி அந்த இடத்திலேயே எருமையின் காலில் விழுந்தது. தன் காலடியில் ஒரு நரி கிடப்பதாக எருமை நினைத்துக்கொண்டது.

வகுப்பு குட்டை வாசலிலேயே நடந்தது. எருமை நடுவில் நிற்கும். நரி பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும். வரிசையில் நிற்பவர்களுக்கு வேறு வேலை இல்லை, கேட்டார்கள். கேட்டது பிடித்தும் போனது. தாகத்தைத் தாங்குவதைவிடத் தாகத்துக்கு ஒரு விளக்கம் கிடைப்பது சுகமாகத்தான் இருக்கும்.

காடே மாறிவிட்டது. மான் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு தன்னை ஒரு சிறுத்தை தின்பதாகக் கற்பனை செய்து பழகியது. இதற்கு முன்கூட்டியே துன்பத்தை நினைத்தல் என்று பெயர். முயல் மனத்தை உறுதிப்படுத்த நெருஞ்சி முள்ளில் படுத்தது. முள்ளம்பன்றி வீட்டில் மனைவி, "அரிசி இல்லை, பருப்பு இல்லை, பிள்ளைங்க பட்டினி" என்றதற்குக் கணவன், "அரிசி இல்லைங்கறது செய்தி. பட்டினிங்கறது உன் அபிப்பிராயம்" என்றான். அன்று மனைவி சிலிர்த்த முள் இன்னும் அவன் தொடையில் இருக்கிறது. அதைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

கரடி டோக்கன்களைப் பாதியாகக் குறைத்தது. யாரும் கேட்கவில்லை. அஞ்சலை மட்டும் கத்திக்கொண்டே இருந்தாள்.

"உனக்குப் பக்குவம் பத்தலைம்மா" என்றது மான்.

"நீ கத்தறதால எங்க அமைதி கெடுது" என்றது பன்றி.

அவள் எருமையிடமே போய்க் கேட்டாள். "ஐயா, என் முட்டை என் கையில இருக்கற விஷயமா, இல்லாத விஷயமா?"

எருமை வெகுநேரம் அசைபோட்டது. அதற்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய பிராணிதான் அது. அதற்குள் நரி முந்திக்கொண்டது.

"தாயி, எதையும் இழந்துட்டேன்னு சொல்லாதே. திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்லிப் பழகு. முட்டை உனக்குக் கடனா வந்தது. வெயில் வாங்கிக்கிட்டுப் போகுது."

அஞ்சலை திரும்பி வந்து முட்டைகளின் மேல் நிழலாக நின்றாள். 'திருப்பிக் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு முட்டைக்குள்ளிருந்து அலகு தட்டுவது காலில் தெரிந்தது. கத்துவது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதையும் ஊரே கூடித் தப்பு என்கிறது. இத்தனை பேரும் தவறாகவா சொல்வார்கள் என்று நினைத்தாள். எனக்கு இந்த இடத்தில் வயிறு எரிகிறது. அவள் வாயை மூடிக்கொண்டாள். காட்டில் அப்படி ஓர் அமைதி அதுவரை இருந்ததில்லை.

அந்த அமைதியைக் கேட்டுத்தான் மலைக்கு அப்பாலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்தது.

புதருக்குள் மஞ்சள் தோல் அசைந்ததை வழக்கம்போல முதலில் பார்த்தவள் அஞ்சலைதான். அலகு தானாகத் திறந்தது. வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் விழுங்கிக்கொண்டு, கற்றுக்கொடுத்த குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு சிறுத்தை வருது. இது வெறும் செய்திதான்."

"பாத்தீங்களா, நம்ம அஞ்சலை தேறிட்டா" என்றது பன்றி. எல்லோரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

சிறுத்தை நடுவில் வந்து நின்றது. இப்படி ஒரு மதிய உணவை அது பார்த்ததே இல்லை.

"ஏன் ஓடலை?" என்று மானைக் கேட்டது.

"ஓடி என்ன ஆகப்போகுதுங்க? தின்கிறது உங்க கையில இருக்கு. கலங்காம இருக்கிறது என் கையில இருக்கு. காலையிலேயே ஒரு தடவை செத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன். நீங்க ஆரம்பிங்க."

சிறுத்தை ஓர் அடி பின்வாங்கியது. ஓடாத இரையைத் தொடாதே, ஒன்று நோயாக இருக்கும், இல்லையென்றால் விஷம் வைத்திருப்பார்கள் என்று அதன் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். ஆரோக்கியமான இரை யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தது.

ஒருவர் இருந்தார். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் காட்டிலேயே ஒழுங்காகப் பயந்த ஒரே ஆள் நரிதான். சிறுத்தையின் கால்கள் தாமாக அதன் பின்னே பாய்ந்தன. மிச்சம் மீதி கிடைக்கும் என்று பருந்தும் வேலையைப் போட்டுவிட்டு மேலேயே பறந்தது. நரியின் ஊளையில் விழித்த கரடி, வாசல் எங்கே என்று தேடப் பொறுமையின்றித் தன் வேலியைத் தானே பிய்த்துக்கொண்டு, இடுப்பில் பாதி வேலியோடு எதிர்த் திசையில் ஓடியது. நால்வரும் திரும்பி வரவில்லை.

குட்டை திறந்து கிடந்தது.

வகுப்பு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். இழக்க ஒன்றுமில்லாதபோது வந்த அமைதி, ஒரு வாய்த் தண்ணீர் தெரிந்ததும் போய்விட்டது. மான் முயலை மிதித்தது. பன்றி குடும்பத்தோடு புரண்டு கரையை அடைத்துக்கொண்டது. அஞ்சலைக்கு அலகு நுழைக்கவும் இடமில்லை. இந்தத் தள்ளுமுள்ளில் குளம்புகள் பொட்டல் தரைப்பக்கம் நகர ஆரம்பித்தன.

"கொஞ்சம் தள்ளுங்க. வயித்தை நனைச்சுக்கிட்டுப் போயிடறேன். முட்டை கொதிக்குது. மிதிச்சிடப் போறீங்க."

"கூட்டம் எங்க கையிலயா இருக்கு?" என்றது பன்றி, தலையைத் தூக்காமலே. "உன் அபிப்பிராயத்தை மாத்திக்கோ அஞ்சலை."

அஞ்சலை முட்டைகளைப் பார்த்தாள். பிறகு, கத்தவில்லை. தேர்ச்சி பெற்ற அதே குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"சிறுத்தை வருது."

பன்றி வேலியின் மிச்சத்தையும் உடைத்துக்கொண்டு ஓடியது. மானுக்குத் திசையே தெரியவில்லை. முயல் நெருஞ்சிக் காட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முள்ளம்பன்றிக் கணவன் மனைவியையும் முந்தினான். உண்மையைச் சொன்னபோது உட்கார்ந்திருந்தவர்கள் பொய்யைச் சொன்னதும் மலையேறிவிட்டார்கள்.

தண்ணீரில் எருமை மட்டும் நின்றது. "எங்கம்மா சிறுத்தை?" என்றது.

"வரலைங்க ஐயா."

"சரி" என்று சொல்லி, அவளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

அஞ்சலை வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தாள். அடியில் சூடு மெல்ல இறங்கியது.

நீதி: நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். கையில் எதுவுமே இல்லாதவர்கள் ஒரு சிறுத்தையையாவது கைவசம் வைத்திருக்க வேண்டும்.