சைவ உரக் கழிப்பறை

கழிப்பறையையும் நாட்டு முன்னேற்றத்தையும் பிரிக்க முடியாது என்பதால், நொச்சிக்குப்பத்தில் உரக் கழிப்பறை ஒன்று அமைக்க நகர மறுசுழற்சி நலவாழ்வு இயக்ககம் தீர்மானித்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். மரத்தூள் போட்டால் போதும். கழிவெல்லாம் மக்கி உரமாகி மயிலாப்பூர் மாடித் தோட்டங்களுக்குப் போகும்.

அந்தக் குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் அங்காளம்மாளுக்கு உரத்தைப் பற்றிக் கவலையில்லை. அக்கம்பக்கத்தில் ஒதுங்க இடமில்லாததால் கடை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவள் அவள். ஒரு கதவும் தாழ்ப்பாளும் போதும் அவளுக்கு.

திட்டமிடல் கூட்டத்தில் மாடித் தோட்டச் சங்கத் தலைவி பத்மாசனி மாமி எழுந்தார்.

"எங்காத்து ரோஜாவெல்லாம் பெருமாளுக்குப் போறதாக்கும்! குப்பத்துல இருக்கறவா மீன் சாப்பிடறவா இல்லையோ?"

திட்ட அலுவலர் அனிருத்துக்கு ஏசியிலும் வியர்த்தது. உரம் பெறுவோர் மனம் புண்படலாகாது என்று அங்கேயே விதி பிறந்தது: சைவ உணவினர் மட்டுமே பயன்படுத்தலாம்.

திறப்பு விழாவன்று முதல் ஆளாக அங்காளம்மாள் ஓடி வந்தாள்.

"நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றார் அனிருத்.

"நெத்திலிக் கொயம்பு. இன்னாத்துக்கு சார்?"

"அப்படின்னா ஒரு மண்டலம் விரதம் இருந்துட்டு வாங்க. பரிசீலிக்கிறோம்."

"நான் இன்னா மலைக்கா போறேன் நைனா? கக்கூஸுக்குப் போறேன்!"

இந்த ஆட்சேபணை கனிவுடன் குறித்துக்கொள்ளப்பட்டது.

சைவ உணவினருக்கெல்லாம் வீட்டிலேயே கழிப்பறை இருந்தபடியால் ஒருவரும் வரவில்லை. 'நகரிலேயே தூய்மையான கழிப்பறை' என்று விருது மட்டும் வந்தது. கதை சொல்லும் எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், அவர்கள் மோந்து பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

உரம் வராமல் மாமியின் ரோஜாக்கள் வாடின. ஒருநாள் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு அவரே மீன் கடைக்கு வந்தார்.

"மீன் கழிவு கொஞ்சம் குடுங்கோ. வெல்லம் போட்டு மீன் அமிலம் பண்ணணும். இப்போ எல்லாரும் செடிக்கு அதைத்தான் விடறா."

"மீனு செடிக்கு ஆவும், மீனு துன்ன நான் ஆவமாட்டேனா மாமி?"

மாமி பர்ஸைத் திறந்தார்.

"துட்டு வாணாம். தெனம் உங்க ஊட்டு பாத்ரூமைத் தொறந்து வுடுங்க."

மாமி ரோஜாவை நினைத்தார், பெருமாளையும் நினைத்தார்.

"பின்படி வழியா வாங்கோ. யார்கிட்டயும் மூச்சு விடாதேங்கோ."

அன்றிலிருந்து அங்காளம்மாள் காலையிலேயே வயிறாரத் தண்ணீர் குடித்தாள். மாமியின் ரோஜாக்கள் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்தன.

அடுத்த கூட்டத்தில், பக்கத்துக் கடை டயானா எழுந்தாள்.

"சார், அந்த ரூல எடுத்துடுங்க. வெயில்ல தண்ணி குடிக்காம உசுரு போய்க்கினு கீது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அனிருத்தே இளகிவிட்டார். அங்காளம்மாள் மட்டும் யோசித்தாள். கக்கூஸைத் திறந்தால் உரம் வரும். உரம் வந்தால் மாமிக்கு மீன் கழிவு எதற்கு? அப்புறம் மாமி வீட்டுத் தனி பாத்ரூம் போய், குப்பத்தோடு கக்கூஸ் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

"விதி நீடிக்க வேண்டும் என்போர் கை தூக்கலாம்," என்றார் அனிருத்.

மாமியை முந்திக்கொண்டு கை தூக்கியவள் அங்காளம்மாள்.