காப்புக் கட்டிய கையோடு நேபாளம்

கோவில்பதாகை,
வெள்ளிக்கிழமை, காப்புக் கட்டி ஒன்பதாம் நாள்.

எல்லையம்மன் கோயில் தர்மகர்த்தாவும் என் கூடப் பிறந்த தம்பியுமான தேவராஜுக்கு, அக்கா வேம்புலியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, மகன் கிருபாகரன், மருமகள் கார்த்திகா, பேத்தி ஜோதிகா எல்லோரும் நலம். அங்கே நீ நலமாக இருப்பதை இன்று காலை பால் வாங்கப் போகும்போது தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டேன். உன் மனைவி பொன்னியம்மாவும் நலம்தான். மாடியில் வடகம் காயப்போட்டபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், குரலில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த இரண்டு நாளில் உன்னிடம் பேச மூன்று தடவை கோயிலுக்கு வந்தேன். முதல் தடவை பந்தல்காரரோடு சண்டையில் இருந்தாய். இரண்டாம் தடவை பம்பைக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாய். மூன்றாம் தடவை நான் வாயைத் திறந்ததும் மைக்செட்காரன் ஹலோ ஹலோ என்று ஆரம்பித்தான், நீ "அக்கா, அப்பால பேசலாம், மொதல்ல இந்தச் சுண்டலத் துன்னு" என்று கையில் ஒரு தொன்னையைக் கொடுத்து அனுப்பிவிட்டாய். போன் செய்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு எதற்கு உதவும் என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை நாங்கள் ஐந்து பேரும் நேபாளம் போகிறோம். அதாவது நான்கு பேர் போவது நிச்சயம், என்னுடையதுதான் உன் கையில் இருக்கிறது.

உன் மாமா ராணுவ டாங்கி பேக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தார். எடுத்த லீவெல்லாம் கல்யாணம், கருமாதி, காதுகுத்து என்று போய்விட்டது. நான் பார்த்த மலை திருப்பதி மலை ஒன்றுதான், அதிலும் பஸ்ஸில் ஏறும்போது பாதி வழி தூங்கிவிட்டேன். இந்த வருஷம் கார்த்திகாதான் ஆரம்பித்தாள், அவள் ஆபீசில் யாரோ போய்விட்டு வந்து பனிமலை போட்டோ காட்டினார்களாம். உன் மாமாவுக்குப் பசுபதிநாதர் கோயிலைப் பார்க்க வேண்டும், கார்த்திகாவுக்குப் பனிமலை, ஜோதிகாவுக்குக் காண்டாமிருகம், கிருபாவுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் படுத்துத் தூங்க வேண்டும். நான்கையும் ஆறு நாளில் அடக்கி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிக் கொடுத்தது நான். டிராவல்ஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு "இத யார் மேடம் போட்டது" என்று கேட்டதாகக் கார்த்திகா வந்து சொன்னாள். பெருமைக்காக இதை எழுதவில்லை, நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்த ஏற்பாடுகள் உனக்குத் தெரியாது. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் சரியாக இருக்கிறதா என்று கத்திரி வெயிலில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன், எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து "இன்னாக்கா, குளிர் ஜொரமா, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கட்டா" என்று கேட்டு அதற்குள் சாவியையும் எடுத்துவிட்டார். விமானத்தில் இத்தனை கிலோதான் என்கிறார்களே என்று தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, ஊறுகாய் வைத்த பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிப் போய் நிறுத்துப் பார்த்தேன், கடைக்காரன் "பேப்பரா இரும்பாக்கா" என்று கேட்டான், தொக்கு என்றேன், அதை எடுக்கறதில்ல என்றான். காண்டாமிருகம் வந்தால் ஓடக் கூடாதாம், மரத்துக்குப் பின்னால் அசையாமல் நிற்க வேண்டுமாம். அதற்கு ஒத்திகை பார்க்க ஜோதிகா தலையில் கரண்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள், உன் மாமா முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்றார், வயிறு இரண்டு பக்கமும் தெரிந்தது. "தாத்தா அவுட்டு" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டில் நேபாளத்துப் பறவை, மிருகம் எல்லாவற்றையும் பெயர் எழுதி, பார்த்தால் டிக் போட வசதியாகக் கட்டம் கட்டி வைத்திருக்கிறாள். ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள்.

எல்லாம் கூடி வரும்போது கிருபாவுக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். கம்பெனியில் ஆடிட்டாம். அன்றைக்குக் கார்த்திகா பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் வைத்தாள். ஜோதிகா நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சோறு வேண்டாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, இவனுக்கு லீவு கிடைத்தால் இந்த வருஷம் நான் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அன்று சாயந்திரமே போன் வந்துவிட்டது, போய்விட்டு வா என்று. இப்படிப்பட்ட அம்மனிடம் கடன் வைக்கலாமா? அதனால்தான் போன வியாழக்கிழமை முதல் ஆளாக வந்து கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிற்றைப் பூசாரியிடம் எடுத்துக் கொடுத்ததே நீதான்.

எனக்குத் தெரிந்து நம் கோயிலில் பத்து நாள் திருவிழா. வியாழன் காப்பு, பத்தாம் நாள் சனிக்கிழமை தீமிதி, ஞாயிறு காலுக்கு ஓய்வு, திங்கள் விமானம் என்று கணக்குப் போட்டிருந்தேன். புதன்கிழமை வரைக்கும் தீக்குழிக்குக் கட்டை அடுக்கக் காணோமே என்று பொன்னியம்மாவைக் கேட்டேன்.

"இந்த வருசம் பதினெட்டு நாளாச்சே அண்ணி. நோட்டீஸ்ல போட்டுக்கீதே, பாக்கலியா?"

"பதினெட்டா? நான் திங்கக்கிழமை ஏரோப்ளேன் ஏறணுமே."

"காப்பு கட்டிக்கினு ஊரு எல்லை தாண்டப் போறியா? ஆத்தா சும்மா உடுவாளா அண்ணி? ஆத்தா உட்டாலும் ஒன் தம்பி உடுவாரா?"

வீட்டுக்கு வந்து நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். மேலே உன் போட்டோ, மாலையோடு, பெரிதாக. கீழே உபயதாரர்கள் வரிசையாக. பதினெட்டு நாள் என்பது கடைசியில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாலும் இரண்டு தடவை படிக்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, போட்டோ நன்றாகத்தான் இருக்கிறது.

தீமிதிக்கு நான் வராமல் போகப் போவதில்லை, அதைத் தெளிவாகப் புரிந்துகொள். சனிக்கிழமை திரும்பி வந்துவிடுவேன். ஞாயிறு சாயந்திரம் பதினெட்டாம் நாள் தீக்குழி முன்னால் மஞ்சள் புடவையோடு நிற்பேன். இடையில் ஆறு நாள் எல்லை தாண்டுவது ஒன்றுதான் சங்கடம். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை நீ ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். காப்புக் கட்டிய அன்று ஊரின் எல்லைக் கல்லுக்கெல்லாம் பூசை போட்டு எல்லை கட்டக் கிளம்பினோம், பூசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவள் நான். கிழக்கு எல்லைக் கல் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. பம்பை உடுக்கையோடு போன நம்மை வாட்ச்மேன் நிறுத்தி நோட்டில் எழுதச் சொன்னான். யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் அம்மன் என்று எழுதினாய், எந்த பிளாட் என்ற இடத்தில் கல் என்று எழுதினாய், அவன் "போன் பண்ணி கேட்டுட்டு உடறேன்" என்றான். மேற்கே கல்லையே காணோம், எலுமிச்சம்பழத்தைக் குத்துமதிப்பாக அந்தத் திசையில் வீசிவிட்டு வந்தோம். வடக்கே எது எல்லை என்று இரண்டு பெரியவர்கள் அடித்துக்கொண்டதில் இரண்டு இடத்தில் கற்பூரம் ஏற்றினாய். நேபாளம் நம் எல்லைக்கு உள்ளே இருக்கிறது என்று சாதிக்கிற அளவுக்கு நான் போகமாட்டேன். கொஞ்சம் இழுத்துப் பிடிக்க இடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். மேலும் நான் போவது சினிமாவுக்கு இல்லை, சாமி பார்க்க. வேண்டுமானால் விமான நிலையம் வரை வண்டியை விட்டுக் காலைக் கீழே வைக்காமல் போகிறேன், அதற்கு மேலே ஆகாயம்தானே.

ஆனால் தேவராஜு, நீ முடியாது என்றால் நான் போகமாட்டேன். சாமி பேரில் கட்டிய கயிற்றை நானே அவிழ்க்கிறவள் இல்லை. போன வருஷம் நம் தெருப் பையன் வினோத் காப்போடு கிரிக்கெட் ஆட அம்பத்தூர் போனதற்கு அவனைப் பத்து நாள் கோயிலுக்குத் தண்ணீர் சுமக்க வைத்தாய், உன் அக்காவுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று நாலு பேர் கேட்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று நேற்று வீட்டில் சொல்லிவிட்டேன். உன் மாமா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். ஜோதிகாதான் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "நீ வரலன்னா காண்டாமிருகத்த நான் யாருக்கு ஆயா காட்டறது" என்று கேட்டாள். இதற்கு உனக்குப் பதில் ஏதாவது தோன்றினால் எழுது.

ஆகையால், மஞ்சள் துணியில் ஒரு எலுமிச்சம்பழம் முடிந்து அம்மன் காலடியில் வைத்து, எனக்கு ஆறு நாளைக்கு உத்தரவு வாங்கித் தர வேண்டும். கடிதத்தை ஜோதிகா கொண்டு வருகிறாள். அவள் கையில் சுண்டல் கொடுத்து அனுப்பாதே. இதே தாளின் பின்பக்கம் சரி, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடு. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும், மைக்செட்காரனுக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும். பொன்னியம்மாவுக்கு என் அன்பு. வடகத்தில் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்.

உன் அக்கா,
வேம்புலியம்மாள்

பி.கு.: பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஜோதிகாவிடம் கொடுத்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. முழுக்கப் படித்துவிட்டு, "ஆயா, மல ஏறணும்னு தெனம் காலைல நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் போயி பாலத்துப் படி ஏறி எறங்கறியே, அது எல்லைக்குள்ளயா கீது?" என்று கேட்டாள். சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. கிருபா வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் இறக்கிவிடுவான், ஷேர் ஆட்டோவில் திரும்பிவிடுவேன். எல்லை என்றால் என் மனசில் நேபாளம் ஒன்றுதான் இருந்தது. காப்புக் கட்டிய மறுநாளிலிருந்து இன்று வரை எட்டு நாள் தாண்டியிருக்கிறேன். அம்மனுக்கு இஷ்டம் இல்லாவிட்டால் முதல் நாளே முழங்காலில் பிடித்திருப்பாள், எனக்கோ இருந்த மூட்டு வலியும் போய்விட்டது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள். உத்தரவு எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வருகிறது, நீயே வந்து குங்குமம் வைத்து வழியனுப்ப வேண்டும். மறுப்பாய் என்று தோன்றவில்லை, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை பாலத்து உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உன்னைப் பார்த்தேன், காப்புக் கட்டிய கையில் வெங்காய பஜ்ஜி இருந்தது. தம்பிக்குப் பசி போலிருக்கிறது என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். பொன்னியம்மாவிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை விமானம் ஏறிவிட்டால் சொல்லவும் மாட்டேன்.