முதுகைக் காட்டாதீங்க

"கையைத் தூக்கு."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்."

வகுப்பிலேயே உயரமானவளான நெட்டையின் கை தோளைத் தாண்டவில்லை. அதற்கு மேல் தூக்கினால் கவுன் முழுவதும் கூடவே எழும்பியது. தையல் டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அக்குள் பக்கம் குனிந்து பார்த்தாள். வலது கைத்துணி இடது தோளிலும், இடது கைத்துணி வலது தோளிலும் ஏறியிருந்தன.

"நேத்து சரியா இருக்குன்னு சொன்னியே?"

"நேத்து கையைத் தூக்கிப் பாக்கல டீச்சர்."

வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பாள். இன்று பெரிய மேடம் வருகிறார்; பிள்ளைகள் தாங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். இளைஞர் பயிற்சி மையங்கள் அத்தனையும் அவர் கையில். போன மாதம் இதே கட்டடத்தில் கூடை பின்னும் வகுப்பைப் பார்க்க வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தில் சிரிப்பில்லை, வந்த வழியே போனார். அடுத்த வாரம் அந்த அறைக்குப் பூட்டு தொங்கியது. கூடை சார் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் பின்னிய கடைசிக் கூடையில் மேனேஜர் குப்பை போடுகிறார்.

டீச்சருக்கு இது கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. காலையில் கிளம்பும்போது கணவர், "போன வேகத்துல திரும்பி வராம இருந்தா சரி" என்று வாழ்த்தி அனுப்பியிருந்தார். நெட்டைக்கோ அடுத்த வாரம் ஒரு பெரிய துணிக்கடையில் நேர்முகத் தேர்வு. இந்தக் கவுனைத்தான் போட்டுக்கொண்டு போவதாக இருந்தாள்.

"கழட்டு. கையைப் பிரிச்சு மாத்தித் தச்சிடலாம். நேரம் இருக்கு."

"நான் பிரிக்கிறேன் டீச்சர்!" என்று ஓடி வந்தான் அவசரம். அவனுடைய உண்மையான பெயரை டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் சொல்லுவாள். கைக்கு வேகம் இருக்கும் அளவுக்குக் கண்ணுக்கு நிதானம் கிடையாது.

"மெதுவா. ஒவ்வொரு தையலா வெட்டணும். இழுக்கக் கூடா—"

'டர்' என்றது.

அறையில் இருந்த எட்டுப் பிள்ளைகளும் மூச்சை நிறுத்தினார்கள். அவசரம் கையில் கைத்துணி இருந்தது. அதோடு தோளின் ஒரு துண்டும் இருந்தது.

"தையல் நல்லா பலமா இருக்கு டீச்சர். துணிதான் விட்டுடுச்சு" என்றான் அவன், பாராட்டுவது போல.

டீச்சர் கைத்துணிகளை மாற்றி வைத்துத் தைத்தாள். கிழிந்த இடத்தை மறைக்க, மிச்சத் துணியைச் சுருட்டி ஒரு துணிப்பூ செய்து தோளில் வைத்தாள். ஒரு தோளில் மட்டும் பூ இருந்தால் ஆள் சாய்ந்து நிற்பது போல் தெரிந்தது. இன்னொரு தோளுக்கும் ஒன்று வைத்தாள். நெட்டை கண்ணாடி முன் போய் நின்று பார்த்தாள்.

"டீச்சர், ரெண்டு பக்கமும் முட்டைக்கோஸ் வச்ச மாதிரி இருக்கு."

"இஸ்திரி போட்டா அமுங்கிடும். யாராவது இஸ்திரிப்பெட்டியைப் போடுங்க."

இஸ்திரிப்பெட்டி சந்தேகத்தின் கைக்குப் போனது. சந்தேகம் நல்ல பெண். கேள்வி கேட்காமல் அவளால் ஒரு காரியமும் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

"டீச்சர், இவ்வளவு சூடு போதுமா? டீச்சர், பூவை முன்பக்கமா அமுக்கணுமா, பின்பக்கமாவா? டீச்சர், மேல ஈரத்துணி போடணுமா?"

"போடணும். போட்டு—"

"வந்துட்டாங்க! கார் வந்துடுச்சு!" என்று மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே தலையை நீட்டினார்.

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். வாசலில் நின்றது தண்ணீர் கேன் வண்டி. பெருமூச்சு விட்டுத் திரும்பியபோது அறையில் ஒரு வாசனை வந்தது. சந்தேகம் இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தாள். சட்டென்று அதைத் தூக்கினாள். கவுனின் முதுகில், நட்ட நடுவில், படகு போல ஒரு பழுப்புத் தழும்பு.

"டீச்சர்," என்றாள் சந்தேகம் அழுகையோடு, "இது போகுமா?"

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. மாற்றுத் துணி கிடையாது. நெட்டையின் உயரத்துக்கு வேறு யாருடைய உடையும் பொருந்தாது. அவளை நிறுத்திவிடலாமா என்று டீச்சர் யோசித்தாள். ஆனால் நெட்டை கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இதைத் தைக்கத் தொடங்கிய நாளில் அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது.

"போட்டுக்கோ," என்றாள் டீச்சர். "முன்பக்கம் பிரமாதமா இருக்கு. முதுகைக் காட்டாத, அவ்வளவுதான்."

"திரும்பிப் போகும்போது?"

"முகம் இந்தப் பக்கமே இருக்க, பின்னாலயே நடந்து போ."

"நான் மட்டும் பின்னால நடந்தா வித்தியாசமாத் தெரியாதா டீச்சர்?"

அது நியாயமான கேள்வி. அதனால் எல்லோரும் பின்னால் நடப்பது என்று முடிவாயிற்று. "மரியாதைன்னு நினைச்சுக்குவாங்க. யாரும் முதுகைக் காட்டாதீங்க!" என்றாள் டீச்சர். ஒத்திகை தொடங்கியது. கடைசி ஆள் அவசரம். அவன் பின்னால் நடப்பதிலும் அவசரப்பட்டான். வெட்டுமேசையில் இடித்தான். மேசையிலிருந்த குண்டூசிப் பெட்டி கவிழ்ந்து, ஊசிகள் வாசலிலிருந்து ஜன்னல்வரை மழை மாதிரி சிதறின.

அப்போதுதான் உண்மையான கார் வந்தது.

பெரிய மேடம் வாசலில் நுழைந்தபோது, தையல் டீச்சர் ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முதலில் தெரிந்தது கறுப்புக் காலணி. பிறகு கழுத்துவரை மூடிய கருநீல உடை. அதற்கும் மேலே, சிரிப்பின் சுவடே இல்லாத முகம்.

"வ... வணக்கம் மேடம்."

"ம்."

பெரிய மேடம் மற்றவர்களைப் போல நடக்கவில்லை. சுவரை ஒட்டி, பக்கவாட்டில், ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். அவர் பார்வை அறையை விட்டு விலகவே இல்லை. ஒரு மூலையையும் அவரிடமிருந்து மறைக்க முடியாது என்று டீச்சருக்குப் பட்டது. அவருக்குப் பின்னால், நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, வயதான டிரைவர் வந்தார். மேடத்தின் பெரிய கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். ராஜாவுக்குப் பின்னால் இப்படித்தான் காவலாளி வருவான் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலி ஒன்றை மேனேஜர் தயாராக வைத்திருந்தார். பெரிய மேடம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரோரம் கிடந்த பழைய நாற்காலியில், முதுகு சுவரில் பதிய, உட்கார்ந்தார்.

"மேடம், அது வேணாம் மேடம்," என்றாள் டீச்சர் பதறி. "அதுக்கு ஒரு கால் ஆடும். தூக்கிப் போடத்தான் வச்சிருக்கோம்."

"பரவாயில்ல."

"முன்னால நல்ல நாற்காலி—"

"இங்கயே இருக்கேன்."

மேனேஜர் டீச்சரின் காதருகே வந்தார். "மெத்தை நாற்காலியே வேணாம்னுட்டாங்க. முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்காங்க. கூடைக்காரர் வகுப்புலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

ஒரு சின்னப் பெண் பூங்கொத்தை நீட்டினாள். பெரிய மேடத்தின் கைகள் மடியிலிருந்து அசையவில்லை. டிரைவர் எட்டி வாங்கிக்கொண்டார். தேநீர் வந்தது. "வேண்டாம்." மையத்தின் புதுத் தையல் மெஷின்களைப் பக்கத்தில் வந்து பார்க்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். "இங்கிருந்தே தெரியுது." ஒவ்வொரு பதிலுக்கும் டீச்சரின் நெஞ்சில் ஒரு பூட்டு தொங்கியது.

பிள்ளைகள் நடக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தானே தைத்ததைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து, நிமிர்ந்து நின்று, எந்த நிறம் ஏன் எடுத்தேன், எந்த அளவு ஏன் வைத்தேன் என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே நடந்து போனார்கள். நெட்டை இரண்டு முட்டைக்கோஸ்களோடு வந்தாள்.

"உடம்புக்குப் பொருந்துற துணியைப் போட்டா, நிக்கிற நிலையே மாறும்னு டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க," என்றாள். குரல் நடுங்கினாலும் தலை குனியவில்லை.

பெரிய மேடம் கண் இமைக்காமல் அவளையே பார்த்தார். "ம்" என்றார்.

கடைசியாக வந்த அவசரம், பின்னால் நடந்து போய் மூடிய கதவில் மோதினான். கதவு கிடுகிடுத்தது. யாரும் சிரிக்கவில்லை.

நிலைமையைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று மேனேஜருக்குத் தோன்றியது. அவர் தூக்கி நிறுத்தப் போன எதுவும் இதுவரை நின்றதில்லை.

"மேடம்! எங்க பிள்ளைங்க எவ்வளவு சரியா அளவெடுப்பாங்கன்னு நீங்களே பாருங்க. உங்களுக்கே எடுத்துக் காட்டுவாங்க. ஏம்மா, டேப்பை எடுத்துட்டு வா!"

சந்தேகம் டேப்போடு முன்னால் போனாள். "மேடம், கொஞ்சம் எழுந்து நிக்கிறீங்களா? முதல்ல தோளளவா, முதுகளவா டீச்சர்? முதுகுதானே? மேடம், திரும்பி நில்லுங்க."

"தொடாத!"

அந்த ஒரு சொல்லில் அறையே விறைத்துப் போனது. பெரிய மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். நாற்காலியின் ஆடுகிற கால் 'கிரீச்' என்றது. சந்தேகத்தின் கையிலிருந்த டேப் நழுவித் தரையில் சுருண்டது. மேனேஜர் தண்ணீர் குடிக்கப் போவது போல் வெளியே நழுவினார்.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? டீச்சருக்கு அந்த நிமிடத்தில் பயம் எல்லையைத் தாண்டி வேறு பக்கம் போய்விட்டது.

"திரும்புங்க," என்றாள் பிள்ளைகளைப் பார்த்து.

"டீச்சர்?"

"எல்லாரும் திரும்பி நில்லுங்க. முதுகைக் காட்டுங்க."

எட்டு முதுகுகளும் திரும்பின. நெட்டையின் கவுனில் பழுப்புப் படகு பளிச்சென்று தெரிந்தது.

"எல்லாத் தப்பும் என்னோடது மேடம்," என்றாள் டீச்சர். "அது இஸ்திரிப்பெட்டி சுட்டது. பூவுக்குக் கீழ தோள் கிழிஞ்சிருக்கு. மரியாதைக்காக இவங்க பின்னால நடக்கல, நான்தான் மறைக்கச் சொன்னேன். தரையில இன்னும் குண்டூசி கெடக்கு, பாத்துக் காலை வைங்க. ஆனா ஒண்ணு மேடம். இந்தப் பொண்ணு வந்த புதுசுல அக்காவோட பழைய சட்டையை இழுத்து இழுத்து விட்டுட்டு, மூலையில குனிஞ்சேதான் நிப்பா. இன்னிக்குத் தன் கையால தச்சதைப் போட்டுட்டு உங்க முன்னால நிமிர்ந்து நின்னா. வகுப்பை மட்டும் மூடிடாதீங்க. என்னை வேணும்னா அனுப்பிடுங்க."

சொல்லி முடித்ததும் வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய மேடம் எட்டு முதுகுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நெட்டையைப் பார்த்தார்.

"இதைப் போட்டுட்டா இவ்வளவு நேரமும் நடந்த?"

"ஆமா மேடம்."

"பயமா இல்லையா?"

"கை காலெல்லாம் நடுங்கிச்சு மேடம். ஆனா தச்சது நானாச்சே. போடாம இருக்க மனசு வரல."

பெரிய மேடத்தின் உதடு துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று டீச்சரால் சொல்ல முடியவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் வெளியே போங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

பிள்ளைகள் பழக்க தோஷத்தில் பின்னாலேயே நடந்து வெளியே போனார்கள். டீச்சரும் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நடைபாதையில் சந்தேகம் தேம்பினாள். அவசரம் முதன்முறையாக எந்த அவசரமும் இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றான். நெட்டை தோளிலிருந்த பூ ஒன்றைப் பிய்க்கப் போனாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. விடு."

மேனேஜர் அங்கே ஏற்கெனவே பூட்டும் சாவியுமாக நின்றுகொண்டிருந்தார். "எதுக்கும் கையோட இருக்கட்டும்னு எடுத்து வச்சேன்" என்றார்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. டிரைவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டீச்சரை அருகே வரும்படி சைகை செய்தார். அவள் செத்தவள் மாதிரி நடந்து போனாள்.

டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஊசி நூலோட நீங்க மட்டும் உள்ள வாங்கம்மா, தையல் வகுப்புக்குப் போறோமேன்னு மேடம் ஆசையா அவங்களே தச்சுப் போட்டுட்டு வந்த டிரெஸ்ஸு, கார்ல இருந்து எறங்கும்போதே முதுகு முழுக்கப் பிரிஞ்சுபோச்சு."