போடி மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு படம்

பெட்டிக்குள் பூமாரி இடது ஓரத்தில் நின்றாள். வலது பக்கம் வரும்படி பேச்சிமுத்து கையைக் காட்டினான். அவளும் ஒழுங்காகத்தான் நகர்ந்தாள். பெட்டிக்குள் இருந்தவளோ மேலும் இடது பக்கம் போய், அரை ஆளாகி, பிறகு காணாமலே போனாள்.

"இந்தப் பக்கம், இன்னும் இந்தப் பக்கம்" என்று குனிந்த தலை நிமிராமல் மறுபடி கையை ஆட்டினான்.

"இதுக்கு மேல நகந்தா மாட்டுத் தொட்டிக்குள்ளதேன் நிக்கணும் மச்சான்" என்றாள் வெளியே இருந்த பூமாரி.

நிமிர்ந்து பார்த்தான். சரிதான். பட்டுச்சேலையின் கரை கழனித் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் விரல் அழுந்தி 'டிக்' என்றது. பன்னிரண்டு படத்தில் ஒன்று தொலைந்தது. அதில் விழுந்திருந்தால் மாடு விழுந்திருக்கும்.

அனுமந்தன்பட்டி ஒச்சாண்டி வீட்டு வாசலில் அன்று காலை பத்துப் பெரியவர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணைப் படம் எடுக்க எதற்குப் பத்துப் பெரியவர்கள் என்று பேச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை. கேட்கிற நிலையிலும் அவன் இல்லை.

ஒச்சாண்டி அவனுக்குச் சொந்தத் தாய்மாமன். பூமாரி அவனுக்கென்றே பிறந்த முறைப்பெண். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் அக்காள் கல்யாணத்தில், முதலில் விழ வேண்டிய தாய்மாமன் மாலை இரண்டாவதாக விழுந்துவிட்டது. "இந்த வம்சத்துத் தலை என் வாசல்ல வந்து குனியட்டும், அப்புறம் சம்பந்தம் பேசுவோம்" என்று பந்தலிலேயே துண்டை உதறினார் ஒச்சாண்டி. "எங்க தலைக்குக் குனியுற வேலை தெரியாது" என்றார் பேச்சிமுத்துவின் அப்பா மொக்கைச்சாமி. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. இரண்டு தெருதான் தூரம்.

போன வாரம், வாழைக்காய் வியாபாரம் பார்க்கும் உத்தமபாளையம் நத்தர்ஷா ராவுத்தர் தூது வந்தார்.

"பூமாரிக்குப் போடியில மாப்பிள்ளை பாத்திருக்காக. போட்டோ கேக்குறாகளாம். உன்னைய எடுத்துத் தரச் சொன்னாரு உங்க மாமா."

பேச்சிமுத்து தப்பிக்கப் பார்த்தான். "மதுரையில ஸ்டுடியோ இருக்கே, ராவுத்தரே."

"அவன் கறுப்புத் துணியைப் போத்திக்கிட்டு எடுக்குறானாம். அது ஆகாதாம். கம்பம் சந்தையில உங்க தொரை எடுத்தாருல்ல, அந்தப் பெட்டிதேன் வேணுமாம். உங்க மாமா அரை நாளு நின்னு பாத்தாராம்."

பேச்சிமுத்து மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஜெர்மன்காரனோடு சண்டைக்குப் போகிறவன் ஜெர்மன்காரன் செய்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவது முறையல்ல என்று, துரை அதை அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போயிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த பெட்டி. மேல் கண் ஆள் பார்க்க, கீழ்க் கண் பிலிம் பார்க்க. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உச்சியில் இருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். துரை ஆறு விஷயம் சொல்லிக்கொடுத்தார். ஐந்து அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மாட்டேன் என்று சொன்னால் பொறாமை என்பார்கள். போனால் அப்பா தோலை உரிப்பார். கம்பத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

இப்போது அதைவிடப் பெரிய கவலை. படம் நன்றாக விழுந்தால் பூமாரி போடிக்குப் போய்விடுவாள். கெட்டுப்போனால், வேண்டுமென்றே கெடுத்தான் என்று பத்துப் பேரும் சாட்சி சொல்வார்கள். யுத்தத்தில் பிலிமும் கிடைப்பதில்லை. இருப்பது இந்த ஒரு சுருள்.

"என்ன மச்சான், பெட்டிக்குள்ள எதையும் தொலைச்சுட்டீகளா?" என்றாள் பூமாரி.

"சும்மா இரு. அசையாத."

லேசாக மங்கலாக்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். குமிழைத் திருப்பினான். கண்ணாடியில் அவள் முகம் தெளிந்து வந்தது. மூக்குத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு முடி. கட்டைவிரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை. முகம் துல்லியமாக நின்ற இடத்திலேயே அதுவும் நின்றது.

அழுத்தப் போகும் நேரத்தில் அவள் முகத்துக்கு மேலே ஒரு மீசை முளைத்தது. ஒச்சாண்டி தலைப்பாகையோடு, கையைக் கட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"மாமா, பொண்ணை மட்டுந்தேன கேட்டாக?"

"அப்பன் யாருன்னு தெரிய வேணாமா? நீ எடு. நல்லா உத்துப் பாத்து எடு."

எடுத்தான். "இன்னொண்ணு" என்றார். எடுத்தான். வெயில் சரியில்லை என்று மேற்கே திரும்பி நின்றார். மாமாவுக்கு நேரே அவனும் மேற்கே போனான். பெட்டியை இடது பக்கம் திருப்பினால் உள்ளே வீடும் இடது பக்கமே ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு போனதில் கோழிக்கூடையில் இடறி, விழாமல் இருக்கக் குனிந்து, அப்படியே ஒன்று எடுத்தான்.

"ஆகா" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். இதில் ஆகா சொல்ல என்ன இருக்கிறது என்று பேச்சிமுத்துவுக்கு வியர்த்தது.

எட்டுப் படம் முடிந்ததும் கழுத்து வலி தாங்காமல் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஆளைக் கொண்டு ஓரத்தில் நின்ற மாட்டுவண்டியை இழுத்து நிறுத்தி, அதன்மேல் நெல்மூட்டையும் போட்டு, உச்சியில் பெட்டியை வைத்தான். வண்டிச் சக்கரத்தில் ஏறிப் பார்த்தால் அவ்வளவாகக் குனிய வேண்டாம்.

ஒச்சாண்டியின் முகம் மாறிவிட்டது.

"எறங்கு கீழ. என் வாசல்ல என் தலைக்கு மேல ஏறி நிப்பியோ?"

"படம் நேரா விழும் மாமா."

"நேராவும் விழ வேணாம், கோணலாவும் விழ வேணாம். மொதல்ல எடுத்த மாதிரியே எடு."

இறங்கினான். அவசரத்தில் முழங்கால் வண்டியில் இடிக்க, ஒன்பதாவது படம் தானாகவே போயிற்று. பத்தாவதுக்கு ஒச்சாண்டி தலைப்பாகையைச் சரிசெய்தார். பதினொன்றாவதுக்கு மீசையைச் சரிசெய்தார். பூமாரி கால் மாற்றி நின்று கொட்டாவி விட்டாள். பன்னிரண்டாவது 'டிக்' என்றதும் பத்துப் பெரியவர்களும் விசேஷம் முடிந்த மாதிரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

அத்தை கஸ்தூரியம்மாள் மோர் கொண்டுவந்தாள். "குடிப்பா. கழுத்தை நீவிக்க."

பேச்சிமுத்து பெட்டியைத் தோலுறையில் வைக்கப் போனான். கண் இரண்டுக்கும் தனித்தனி மூடி உண்டு. மேல் கண் மூடி சட்டைப்பையில் இருந்தது. கீழ்க் கண் மூடி அங்கே இல்லை. வேட்டி மடிப்பில் தேடினான். கோழிக்கூடைப் பக்கம் தேடினான். பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

கீழ்க் கண்ணிலேயே இருந்தது. வரும்போது இருந்தபடியே.

துரை சொன்ன ஆறாவது விஷயம் ஞாபகம் வந்தது.

மோரைக் கீழே வைத்தான். "மாமா" என்று ஆரம்பித்தான்.

"எல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சிரித்தார் ஒச்சாண்டி. ஏழு வருஷத்தில் அவர் சிரித்து அவன் பார்த்ததில்லை. "காலையில உங்க வீட்டுக்கு வர்றோம். உங்கப்பன இருக்கச் சொல்லு."

மறுநாள் விடிந்ததிலிருந்து பேச்சிமுத்து தெருமுனையிலேயே நின்றான். படத்தைக் கேட்கப் போகிறார். இல்லையென்றால் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறார். இரண்டும் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். வண்டி வந்தது. முன்னால் ஒச்சாண்டியும் நத்தர்ஷா ராவுத்தரும். பின்னால் அத்தை. அதற்கும் பின்னால் நேற்றைய பத்துப் பெரியவர்களும் நடந்து வந்தார்கள்.

மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியை நிறுத்தினான்.

"மாமா, படம் ஒண்ணுகூட விழல. மூடியக் கழட்டாமலே எடுத்துட்டேன். சத்தியமா வேணும்னு செய்யல. போடிக்காரக கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

ஒச்சாண்டி ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் தாடியைத் தடவியபடி வானத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா?" என்றார் ஒச்சாண்டி.

"ஒண்ணுகூட இல்ல மாமா."

"சரி, கயித்த விடு. மாடு மெரளுது."

வண்டி அவனைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டு வாசலில் அப்பா வேப்பங்குச்சியைக் கடித்தபடியே நின்றுவிட்டது தெரிந்தது. பேச்சிமுத்து வண்டியின் பின்னால் ஓடினான்.

"அத்தை, நீங்களாச்சும் மாமாகிட்ட சொல்லுங்க. போடி மாப்பிள்ளை வீட்டுல இப்ப என்ன சொல்றது?"

கஸ்தூரியம்மாள் மடியில் இருந்த தாம்பாளத்தின் துணியை விலக்கினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம்.

"போடியில மாப்பிள்ளைன்னு ஒருத்தரும் கெடையாது மருமகனே. பெரியவுக முன்னால எங்க வாசல்ல உங்க தலை ஒரு தடவை குனிஞ்சாப் போதும்னுதேன் உங்க மாமா அந்தப் பெட்டியக் கொண்டாரச் சொன்னாக, நீங்க பன்னெண்டு தடவை குனிஞ்சுட்டீக."