பாதசாரிகளுக்கென்றே ஒரு பாலம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். மனிதனுக்குக் கால் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த பெருமை அந்த நகராட்சிக்கு மட்டுமே உரியது.

ஆற்றின் குறுக்கே ஒரு பழைய ரயில் பாலம் இருந்தது. ரயில் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. அக்கரை ஜனங்கள் அதன்மேல் தினமும் நடந்து இக்கரைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இந்த அலங்கோலத்தை ஒழித்து, பாலத்தைப் 'பாரம்பரிய நடைபாதை'யாக உயர்த்தும் பொறுப்பு உதவிப் பொறியாளரின் தலையில் விழுந்தது. நகராட்சித் தலைவரே காலைநடைச் சங்கத்துக்கும் தலைவர். இரண்டு பதவிக்கும் ஒரே காரில் வந்து இறங்கும் எளிமை அவருடையது.

"முதல்ல பாலத்து மேல ஜனங்க நடக்கறதை நிறுத்தணும்," என்றார் தலைவர் முதல் கூட்டத்தில். "அவங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்தா நாம எப்படி நடைபாதை போடறது?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பொறியாளரும் ஆட்டினார். அது ஆடிப் பழகிய தலை.

அந்த ஜனங்களில் ஒருவர் பொறியாளரின் சொந்த அக்கா. அக்கரையில் வீடு, இக்கரை ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா வேலை. அப்பா போன பிறகு தம்பியை வளர்த்துப் பொறியாளராக்கியது அந்தச் சம்பளம்தான். மழைக்காலத்தில் தண்டவாளக் கட்டைகள் வழுக்கும், இடைவெளியில் ஆறு தெரியும். ஆனாலும் அக்கா ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை. கட்டைக்குக் கட்டை தாண்டிப் பழகியதில், வார்டின் சமதரையில்கூட அக்கா எட்டி எட்டித்தான் நடப்பார்.

பாலத்தை மூடியதும் இரண்டு பஸ் மாறி ஊரைச் சுற்றி வரவேண்டியதாயிற்று. பஸ்ஸுக்கு அக்காவின் கால்களுக்கு இருந்த ஒழுக்கம் கிடையாது. "இன்னொரு தரம் லேட்டா வந்தீங்கன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்கம்மா, நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார்.

"எப்படா திறப்பீங்க?" என்று அக்கா போனில் கேட்டார்.

"சீக்கிரம்க்கா. திறப்பு விழா அன்னிக்கே நீ நடந்து வந்துடலாம். நடக்கறவங்களுக்காகத்தானே நாங்க இவ்வளவு பாடுபடறோம்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்போது அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

இரண்டாவது கூட்டம், பாதசாரி என்றால் யார் என்ற ஆழமான கேள்வியை எடுத்துக்கொண்டது. நாலு தட்டு பிஸ்கட் காலியான பிறகு விடை கிடைத்தது. எங்கேயாவது போய்ச் சேர்வதற்காக நடப்பவர் பாதசாரி அல்ல. அவர் வெறும் 'போக்குவரத்து'. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறவர்தான் பாதசாரி. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மூன்றாவது கூட்டத்தில் தலைவர் வரைபடத்தின் அக்கரை முனையில் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்கள்ல ஒருத்தராவது சும்மா நடக்க வர்றாங்களா?"

"இல்லைங்க சார். எல்லாரும் வேலைக்குத்தான் வர்றாங்க," என்றார் பொறியாளர்.

"கையில பை?"

"இருக்குங்க சார்."

"அப்ப அந்த முனையில ஒரு சுவர் எழுப்பிடுங்க."

 பொறியாளருக்கு அக்காவின் முகம் கண்முன் வந்தது. எழுந்து நின்றார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாகத் தலைவரை மறுத்துப் பேசினார்.

"சுவர் வேண்டாம் சார்."

பொறியாளர் வரைபடத்தின் அந்த முனையைத் தொட்டுக் காட்டினார்.

"கண்ணாடி வச்சிடலாம்."

"பலே," என்றார் தலைவர். "காட்சியும் கெடாது, கூட்டமும் வராது."

அன்று மாலை பொறியாளர், கூடப் பிறந்தவளுக்காகப் போராடி வென்ற நிம்மதியோடு வீடு திரும்பினார். கண்ணாடியில் கதவு கிடையாது என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை. நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தார். அந்த நல்ல சமயம் கடைசிவரை வாய்க்கவில்லை.

திறப்பு விழா காலையில் நடந்தது. தலைவரின் கார் பாலத்தின் வாசல்வரை வந்தது. நடப்பதற்கான ஷூ இன்னொரு காரில் வந்தது. ரிப்பனை வெட்டிவிட்டு, நடையின் மகத்துவத்தைப் பற்றி நின்றுகொண்டே நெடுநேரம் பேசினார். பிறகு நடந்தார். பாதிப் பாலத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தது. எல்லாரும் ஒருவழியாகக் கண்ணாடியை அடைந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஆயா உடுப்பு, கையில் பை. தம்பியின் வார்த்தையை நம்பி முதல் பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். உதடுகள் அசைந்தன. உயர்தரக் கண்ணாடி, சத்தம் ஒரு பொட்டுக்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

"யாருய்யா அது?" என்றார் தலைவர்.

"இந்தப் பாலத்துல ரொம்ப வருஷமா நடந்தவங்க சார்." அக்கா என்ற வார்த்தையை மட்டும் பொறியாளர் விட்டுவிட்டார்.

"அடடே, நம்ம ஆளு. போட்டோ எடுங்கப்பா. என்ன சொல்றாங்க?"

அந்த வாயசைவு பொறியாளருக்குக் குழந்தையிலிருந்தே பாடம். "கதவு எங்கடா?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க சார்."

தலைவர் கையசைத்தார். அக்கா கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு தம்பியை ஒருமுறை பார்த்தார்.  திரும்பி, பஸ் போகும் சாலையை நோக்கி எட்டி எட்டி ஓடினார்.

பொறியாளர் மற்றவர்களோடு திரும்பி நடந்து, ரிப்பன் வெட்டிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். இரண்டாவது கூட்டம் வகுத்த இலக்கணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தப் பாலத்தின் முதல் அசல் பாதசாரி அவர்தான்: போனார், திரும்பினார், யாரிடமும் போய்ச் சேரவில்லை.